மில்லிலிருந்து டிவி வரை



அமெரிக்காவின் 'கன்ட்ரி' பாட்டு என்றதும் நமக்கெல்லாம் தொப்பியும் கிடாரும்தான் ஞாபகம் வரும். எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற எனக்கு, அந்தப் பாட்டு டிவிக்கு வந்த கதைதான் ரொம்பப் பிடித்தது. அதில் பாடியவர்களில் பலரும் நம்மைப் போல உழைக்கிற வீட்டுப் பிள்ளைகள்!

யார் இவர்கள்?

லெஸ்டர் பிளாட், ஏர்ல் ஸ்க்ரக்ஸ் இருவரும் ஜவுளி மில்லில் வேலை பார்த்தவர்கள். போர்ட்டர் வேகனர் மிசூரி மாநிலத்தில் கறிக்கடையில் வேலை செய்துகொண்டே பாடியவர். அதே மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்து 1955 ஜனவரியில் 'ஓசார்க் ஜூபிலி' என்ற நிகழ்ச்சி ஏ.பி.சி. நெட்வொர்க்கில் தொடங்கியது. நடத்தியவர் ரெட் ஃபோலி. கிராமத்துப் பாட்டு வாராவாரம் நாடு முழுக்கத் தெரிந்தது. 1960 வரை ஓடியது.

லைவ் என்றால் லைவ்தான்!

அப்போது வீடியோ டேப் கிடையாது. பாடும்போது தந்தி அறுந்தாலும், வரி மறந்தாலும் ஜனங்க பார்த்தே தீருவாங்க. பதிவு வேண்டுமானால் ஒரே வழி 'கினஸ்கோப்'. அதாவது, டிவி திரைக்கு எதிரே ஃபிலிம் கேமராவை வைத்துப் படம் பிடிப்பது. படம் மங்கலாகத்தான் இருக்கும்.

அதனால் 1955 முதல் டிவியில் வாசித்த பிளாட்-ஸ்க்ரக்ஸ் குழுவினர், ஒவ்வொரு ஊர் நிலையத்துக்கும் காரில் போய் வாராவாரம் நேரில் வாசித்தார்கள். ஸ்பான்சர் 'மார்த்தா ஒயிட்' மாவுக் கம்பெனி.

1956-ல் ஆம்பெக்ஸ் கம்பெனி 2 அங்குல டேப் ரிக்கார்டரைக் கொண்டு வந்தது. வீடியோ சிக்னலின் அலைவரிசை மெகாஹெர்ட்ஸ் கணக்கில் போகும். அதைப் பதிய, டேப்புக்கும் ஹெட்டுக்கும் இடையே பயங்கர வேகம் வேண்டும். டேப்பையே அவ்வளவு வேகமாக ஓட்டினால் ரீல் நிமிஷத்தில் காலி! எனவே டேப்பை விநாடிக்கு 15 அங்குலம் மட்டும் ஓடவிட்டு, நான்கு ஹெட்டுகள் பொருத்திய சக்கரத்தை நிமிடத்துக்கு 14,400 சுற்று சுழலவிட்டார்கள். அப்புறம் என்ன? ஒருமுறை பதிந்தால் போதும், டேப் ஊர் ஊராகப் போகும். பாடகர் வீட்டில் தூங்கலாம்.

பதினொரு வயசுப் பெண்

பிரெண்டா லீ சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவர். ஏழைக் குடும்பம். 1956-ல், 11 வயதில், 'ஓசார்க் ஜூபிலி' மேடை ஏறினார். இத்தனூண்டு உருவம், அவ்வளவு பெரிய குரல்! அதே ஆண்டு டெக்கா இசைத்தட்டுக் கம்பெனி ஒப்பந்தம் போட்டது. 1958-ல் அவர் பதிவு செய்த கிறிஸ்துமஸ் பாட்டு, 2023-ல் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. 65 வருஷம் கழித்து!

1960-ல் தொடங்கிய வேகனரின் சொந்த நிகழ்ச்சியில் 1967-ல் டாலி பார்ட்டன் சேர்ந்தார். ஏற்கெனவே பாடிய நார்மா ஜீன் எங்கே என்று ரசிகர்கள் ஆரம்பத்தில் கூச்சல் போட்டார்கள். டாலி அசரவில்லை. 1974-ல் தனியாகப் போகும் அளவுக்கு வளர்ந்தார்.

கேலியும் கணக்கும்

'ஹில்பில்லி', அதாவது பட்டிக்காட்டான் என்ற கேலி இவர்களை விடவில்லை. பக் ஓவன்ஸ், ராய் கிளார்க் நடத்திய 'ஹீ ஹா' 1969-ல் சி.பி.எஸ்.ஸில் வந்தது. நல்ல கூட்டம் பார்த்தும் 1971-ல் நிறுத்திவிட்டார்கள். நகரத்து இளசுகள்தான் விளம்பரக்காரர்களுக்கு வேண்டுமாம்! தயாரிப்பாளர்கள் சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராக நிலையங்களுக்கு நேரடியாக விற்றார்கள். இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது.

நண்பர்களே, இன்டர்வியூவுக்குப் போகும்போது "நம்ம பேச்சுல ஊர் வாடை அடிக்குதே" என்று நம்மில் எத்தனை பேர் கூசிப் போகிறோம்? இவர்கள் ஊர்ப் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. கைத்தொழிலை மட்டும் பிசிறில்லாமல் கற்றார்கள். ரீடேக் இல்லாத மேடையில் அதுதான் காப்பாற்றியது. நம்மையும் அதுதான் காப்பாற்றும்!