நிப்பாட்டிய பிறகும் ஒளிர்ந்த ரியூப் லைற்

அம்மாவின் குசினியில் இருக்கும் ரியூப் லைற் சில மாதங்களாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. பின்னேரம் சுவிச்சைப் போட்டால் உடனே பற்றாது. இரண்டு நுனியும் மின்னும், அணையும், மறுபடி மின்னும். ஐந்து நிமிடம் கழித்து, அதற்கு மனம் வந்தால் பற்றும்.

"தம்பி, உந்த லைற்றை ஒருக்கா வந்து பாரன். இரவிலை நிப்பாட்டினாப் பிறகும் நுனியிலை மெல்லிசா ஒரு வெளிச்சம் நிக்குது" என்று அம்மா தொலைபேசியில் சொன்னார். சிமிட்டுவதை நம்பினேன். நிப்பாட்டிய பிறகும் வெளிச்சம் நிற்கிறது என்பதை நம்பவில்லை. அம்மாவுக்குக் கண்ணில் வெள்ளை படர்வதற்குச் சத்திரசிகிச்சை செய்து அதிக காலம் ஆகவில்லை. அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அது எவ்வளவு பெரிய பிழை என்பது லீவில் வடமராட்சிக்குப் போய் ஏணியில் ஏறிய பிறகுதான் விளங்கியது.

ரியூப் லைற்றைத் திருத்த முன்னர் அது எப்படிப் பற்றுகிறது என்று தெரிந்திருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. குழாய்க்குள் ஆகன் போன்ற ஒரு வாயுவும் சில மில்லிகிராம் பாதரசமும் இருக்கின்றன. எங்கள் வீட்டுக்கு வரும் 230 வோல்ற் மின்சாரத்தால் குளிர்ந்து கிடக்கும் ஒரு நான்கு அடிக் குழாயைப் பற்றவைக்க முடியாது. அதற்காகத்தான் ஸ்ராட்டரும் சோக்கும் உள்ளன.

ஸ்ராட்டர் என்ற அந்தச் சிறு டப்பாவுக்குள் ஒரு குட்டிக் கண்ணாடிக் குமிழும் அதற்குள் இரண்டு உலோகத் தகடுகளும் இருக்கும். சுவிச்சைப் போட்டதும் குமிழ் ஒளிர்ந்து சூடாகும். சூட்டில் தகடு வளைந்து மற்றதைத் தொடும். அந்த நேரம் மின்னோட்டம் குழாயின் இரு நுனிகளிலும் உள்ள இழைகளூடாக ஓடி அவற்றைச் சூடாக்கும். தகடுகள் ஒன்றையொன்று தொட்டபின் குமிழ் ஒளிர்வதில்லை. ஆறியதும் அவை விலகும். ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் திடீரென அறுபடும்போது, இரும்புத் தகடுகளின் மேல் செப்புக் கம்பி சுற்றிய சோக் ஓர் உயர் வோல்ற்றளவைத் தள்ளிவிடும். அந்த உதையில்தான் குழாய் பற்றுகிறது. பற்றிய பின் மின்னோட்டம் எல்லை மீறாமல் பிடித்து வைப்பதும் சோக்கின் வேலையே. ஸ்ராட்டருக்கு அதற்குப் பிறகு வேலை இல்லை. நான் சின்னப் பெடியனாக இருந்தபோது அப்பா எரிந்துகொண்டிருக்கும் லைற்றிலிருந்து ஸ்ராட்டரைக் கழற்றி, அணையாமல் எரிவதைக் காட்டுவார். எனக்கு அது மந்திரவித்தை மாதிரி. இப்போது யோசித்தால், செய்யக்கூடாத வேலை.

இது விளங்கினால் குழப்பத்தின் அடையாளங்களை வாசிக்கலாம். இரண்டு நுனியும் செம்மஞ்சளாக எரிந்தபடி நின்று நடுப்பகுதி பற்றாவிட்டால், ஸ்ராட்டரின் தகடுகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒரு மின்னலும் இல்லையென்றால் ஸ்ராட்டர் செத்திருக்கலாம், குழாயின் இழை அறுந்திருக்கலாம், எங்காவது இணைப்பு விட்டிருக்கலாம். நுனிகள் கரிக்கட்டை போலக் கறுத்துச் சிமிட்டினால் குழாய்க்கு வயது போய்விட்டது. வண்டு மாதிரி இரைந்தால் பெரும்பாலும் சோக்கின் தகடுகள் தளர்ந்திருக்கும், ஆபத்தில்லை, எரிச்சல்தான். ஆனால் தார் உருகும் மணம் வந்தால் உடனே நிப்பாட்ட வேண்டும், திரும்பப் போட்டுப் பார்க்கக்கூடாது. சிமிட்டும் லைற்றை "பற்றும்தானே" என்று விட்டுவைப்பதும் நல்லதல்ல. ஒவ்வொரு சிமிட்டலிலும் நுனி இழையின் பூச்சுத் தேய்கிறது, சோக்கும் சும்மா சூடாகிறது.

மலிவானதிலிருந்து தொடங்குவதுதான் முறை. சந்திக் கடையில் ஒரு ஸ்ராட்டர் வாங்கிப் போட்டேன். மாற்றமில்லை. அடுத்து, புதுக் குழாய் வாங்காமல் ஹோலில் நன்றாக எரியும் குழாயைக் கழற்றிக் குசினியில் போட்டேன். குசினிக் குழாயை ஹோலில் போட்டேன். ஹோலில் அது ஒழுங்காக எரிந்தது. குசினியில் ஹோல் குழாயும் சிமிட்டியது. ஆகவே குழாயில் பிழையில்லை. கையால் குழாயை மெல்லத் திருப்பியபோது ஒருமுறை பற்றி மறுபடி அணைந்தது. ஹோல்டரில்தான் கோளாறு என்று தெரிந்துவிட்டது. கடல் காற்றும் அடுப்புப் புகையும் சேர்ந்தால் ஹோல்டருக்குள் இருக்கும் செப்புப் பிடிகள் கறள் கட்டும்.

ஹோல்டரைக் கழற்றுவதற்காகச் சுவிச்சை நிப்பாட்டினேன். குழாயை இறக்கி வைத்தேன். ஒரு பழக்கத்தில் ரெஸ்ரரை எடுத்து சோக் பக்கத்து ஹோல்டரில் வைத்தேன். ரெஸ்ரர் ஒளிர்ந்தது.

சுவிச் நிப்பாட்டியபடியேதான் இருந்தது. இரண்டு தரம் பார்த்தேன். ரெஸ்ரரில் பிழையோ என்று பிளக்கில் வைத்துச் சரிபார்த்தேன். பிறகு ஏணியிலிருந்து இறங்கி மெயின் சுவிச்சை நிப்பாட்டினேன். ஹோல்டரில் இப்போது ஒளி இல்லை. அதற்கு மேல் நான் தொடவில்லை. ஒழுங்கையில் வயரிங் வேலை செய்யும் அண்ணையைக் கூப்பிட்டேன்.

அவர் வந்து சுவிச் மூடியைக் கழற்றினார். "நியூட்றல்தான் சுவிச்சுக்கு வந்திருக்கு தம்பி. லைவ் நேரா லைற்றுக்குப் போகுது" என்றார்.

சுவிச் எப்போதும் லைவ் வயரைத்தான் வெட்ட வேண்டும். நியூட்றலை வெட்டினாலும் லைற் அணையும். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் லைற்றின் வயரிலும் சோக்கிலும் மின்சாரம் நின்றபடியே இருக்கும். அது பெட்டியின் உலோகத்தினூடாக மிக மெல்லியதாகக் கசியும்போதுதான் இருட்டில் குழாயின் நுனி ஒளிர்கிறது. அம்மா கண்டது அதைத்தான். அவருடைய கண்ணில் ஒரு குறையும் இல்லை.

தைப்பொங்கலுக்கு வீடு கழுவும்போது அம்மா ஸ்ரூலில் ஏறி ஈரத் துணியால் ரியூப் லைற்றையும் பெட்டியையும் துடைப்பார். கவனமானவர், சுவிச்சை நிப்பாட்டிவிட்டுத்தான் ஏறுவார். எத்தனையோ பொங்கலுக்கு அப்படித் துடைத்திருக்கிறார். அந்தத் தகரப் பெட்டிக்கு எர்த் வயரும் இல்லை.

எப்படி இப்படி நடந்தது? 1990இல் போர் மறுபடி தொடங்கியபின் யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் மின்சாரம் இருக்கவில்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். சும்மா கிடந்த வயர்களை எலி கடித்தது, சிலர் கழற்றி வேறு தேவைக்கு எடுத்தார்கள். மின்சாரம் திரும்ப வந்தபோது எங்கள் வீட்டில் கிடைத்த வயரை, கிடைத்த நிறத்தில், தெரிந்த ஒருவர் இழுத்துத் தந்தார். பழைய முறைப்படி சிவப்பு லைவ், கறுப்பு நியூட்றல். புதிய வயர்களில் மண்ணிறம் லைவ், நீலம் நியூட்றல். எங்கள் வீட்டுச் சுவருக்குள் எல்லா நிறமும் இருந்தன. லைற் எரிந்ததே பெரிய விசயமாக இருந்த காலம், எந்த வயர் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

அண்ணை வயரை மாற்றிக் கட்டினார், எர்த் இழுத்தார், கறள் பிடித்த ஹோல்டரைக் கழற்றிப் புதிதாகப் போட்டார். மற்ற அறைகளையும் பார்க்கச் சொன்னேன். வெளிக் கக்கூசு லைற்றும் அதே மாதிரித்தான் இருந்தது. எங்கள் வீட்டில் பியூஸ் மட்டுமே இருந்ததால் ஒரு ட்ரிப் சுவிச்சும் பூட்டினோம். லைற்றுக்கான பியூஸ் உருகுவதற்கு 5 அம்பியருக்கு மேல் ஓட வேண்டும். அதில் நூறில் ஒரு பங்கே ஒருவரின் உயிரை எடுக்கப் போதும். ட்ரிப் சுவிச் 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும். அதில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கும்படி அம்மாவுக்குக் காட்டியிருக்கிறேன். உங்கள் வீட்டில் ரியூப் லைற்றோ எல்ஈடி குமிழோ நிப்பாட்டிய பிறகு மெல்ல ஒளிர்ந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். சுவிச்சை நம்பி அதில் கை வைக்காதீர்கள். தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

எல்ஈடிக்கு மாற்றினால் என்ன என்று அண்ணையிடம் கேட்டேன். 36 வாற் குழாய் சோக்கோடு சேர்த்து 45 வாற் அளவு இழுக்கும். அதே நீள எல்ஈடிக்கு 20 வாற் போதும். பாதரசம் காரணமாக, இலங்கையும் இணைந்துள்ள மினமாட்டா ஒப்பந்தத்தின் கீழ் இக்குழாய்களின் உற்பத்தியையும் இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்துவதென 2023இல் ஜெனீவாவில் முடிவாகிவிட்டது. இருக்கிற குழாய் பழுதானதும் மாற்றலாம் என்று விட்டோம். அதைக் குப்பையில் உடைத்துப் போடவேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். கை தவறி உடைந்தால் யன்னலைத் திறந்துவிட்டுச் சிறிது நேரம் வெளியே நின்று, பிறகு ஈரக் கடதாசியால் எடுக்க வேண்டும்.

நான் கொழும்புக்குத் திரும்பி மூன்றாம் நாள் அம்மா எடுத்தார்.

"நேற்று இரவு நிப்பாட்டிப்போட்டுக் கொஞ்ச நேரம் நிண்டு பாத்தனான். ஒண்டும் தெரியேல்லை, நல்ல இருட்டு."