இன்ஜினை ஆஃப் செய்தால் பிரேக் ஏன் இறுகுகிறது? காருக்குள் ஒளிந்திருக்கும் ‘வேக்யூம் பம்ப்’

நிறுத்தி வைத்திருக்கும் பெட்ரோல் அல்லது டீசல் காரில் ஒரு சின்ன சோதனை. இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு பிரேக் பெடலை நான்கைந்து முறை மிதித்துப் பாருங்கள். முதல் ஓரிரு முறை வழக்கம்போல இறங்கும் பெடல், பிறகு கல்லு மாதிரி இறுகிவிடும். காலை எடுக்காமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்தால், பெடல் தானாகவே கொஞ்சம் கீழே இறங்கும்.

பயப்பட வேண்டாம், இது ரிப்பேர் இல்லை. தினமும் நாம் போடும் பிரேக்கில் பெரும்பங்கு நம் கால் பலம் இல்லை என்பதற்கான ஆதாரம் இது. அப்போ அந்த பலம் எங்கிருந்து வருகிறது?

காற்றுதான் காலுக்குத் துணை

பானட்டைத் திறந்தால், டிரைவர் பக்கச் சுவரை ஒட்டி வட்டமான கறுப்பு டப்பா ஒன்று தெரியும். அதுதான் பிரேக் பூஸ்டர். உள்ளே இருக்கும் டயாஃப்ரம் அதை இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. சாதாரண நேரத்தில் இரண்டு அறைகளிலிருந்தும் காற்று உறிஞ்சப்பட்டிருக்கும். பெடலை மிதித்ததும் ஒரு அறைக்குள் மட்டும் வெளிக்காற்று நுழையும். ஒரு பக்கம் காற்றழுத்தம், மறுபக்கம் கிட்டத்தட்ட வெற்றிடம். விளைவு, டயாஃப்ரம் முன்னால் தள்ளப்பட்டு நம் காலோடு சேர்ந்து பிரேக்கை அழுத்துகிறது.

‘வெறும் காற்றா?’ என்று நினைக்க வேண்டாம். பூஸ்டரின் விட்டம் 25 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அழுத்த வித்தியாசம் ஒரு சதுர செ.மீ.க்கு 0.7 கிலோ இருந்தாலே, மொத்த விசை 300 கிலோவைத் தாண்டும்.

முன்பு இலவசம், இப்போது தட்டுப்பாடு

சிரிஞ்சின் வாயை விரலால் மூடிக்கொண்டு பின்னால் இழுத்தால் விரலைக் கவ்விப் பிடிக்கும் இல்லையா? பெட்ரோல் இன்ஜினிலும் அதேதான். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ‘த்ராட்டில்’ எனப்படும் காற்றுக் கதவு மூடிக்கொள்ளும். பிஸ்டன்கள் காற்றை இழுத்தபடியே இருக்கும். அந்த இடத்தில் உருவாகும் வெற்றிடத்தை ஒரு குழாய் வழியாக பூஸ்டருக்குக் கொடுத்தார்கள். தனி பம்ப் தேவைப்படவில்லை.

ஆனால், பாதி மூடிய கதவு வழியாகக் காற்றை இழுப்பதற்கே இன்ஜின் கொஞ்சம் எரிபொருளைச் செலவழிக்கிறது. மைலேஜ் கூட வேண்டும், புகை குறைய வேண்டும் என்ற நெருக்கடியில், பொறியாளர்கள் இந்த இழப்பைத்தான் முதலில் குறைத்தார்கள். தேவையில்லாதபோது சில சிலிண்டர்களுக்கு ஓய்வு தரும் இன்ஜின்களிலும், வால்வு திறப்பை மாற்றியே காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் இன்ஜின்களிலும் த்ராட்டில் அதிக நேரம் திறந்தே இருக்கும். டர்போ இன்ஜின் வேகமெடுக்கும்போது வெற்றிடத்துக்குப் பதில் அங்கே கூடுதல் அழுத்தமே இருக்கும். மைலேஜ் கூடியது, பிரேக்குக்கான இலவச வெற்றிடம் குறைந்தது!

அதை ஈடுகட்ட வந்ததுதான் வேக்யூம் பம்ப். டீசல் கார்களுக்கு இது பழைய கதை. த்ராட்டிலை வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தாததால், அவற்றில் பல காலமாகவே பம்ப் உண்டு. பல கார்களில் இதை கேம்ஷாஃப்ட் சுழற்றும். சிலவற்றில் மின் மோட்டார் இயக்கும்.

பம்ப் சொதப்பினால்?

2019 செப்டம்பரில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சுமார் 34 லட்சம் பிக்அப் டிரக்குகளையும் எஸ்யூவிகளையும் திரும்ப அழைத்தது. காரணம், நாளாக ஆக வேக்யூம் பம்ப் தரும் வெற்றிடம் குறைந்து, பிரேக் பிடிக்க அதிக பலமும் அதிக தூரமும் தேவைப்படலாம் என்பதுதான். பிரேக் கன்ட்ரோல் மென்பொருளை மாற்றி இதைச் சரிசெய்தார்கள்.

மலைப்பாதையில் செய்யக்கூடாத தவறு

உயரம் கூடக்கூட வெளிக்காற்றின் அழுத்தமும் குறையும். கடல்மட்டத்தில் சுமார் 101 கிலோபாஸ்கல் என்றால், ஊட்டியில் ஏறத்தாழ 77தான். அதாவது, பூஸ்டரைத் தள்ளும் பலமே அங்கே குறைவு. இந்த நிலையில், ‘இறக்கம்தானே, பெட்ரோல் மிச்சம்’ என்று இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு உருட்டினால் என்ன ஆகும்? வால்வு பிடித்து வைத்திருக்கும் வெற்றிடம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். அதன்பின் கொண்டை ஊசி வளைவில் காரை நிறுத்த உங்கள் கால் மட்டுமே மிச்சம். பவர் ஸ்டீயரிங்கும் கைகொடுக்காது.

சொல்லப்போனால், இதில் மிச்சமும் இல்லை. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டாலே, இன்றைய இன்ஜின்கள் எரிபொருளைத் தானாக நிறுத்திவிடும். லோ கியரில் இறங்குவதே பாதுகாப்பு.

கவனிக்க வேண்டியவை

* பெடல் வழக்கத்தைவிட இறுகினாலோ, மிதிக்கும்போது ‘உஸ்ஸ்’ என்ற சத்தம் தொடர்ந்து வந்தாலோ உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

* இன்ஜின் சுழற்றும் பம்ப்களுக்கு இன்ஜின் ஆயில்தான் உயவு. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

* ஓடும்போது இன்ஜின் நின்றுவிட்டால், பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். ஒவ்வொரு மிதியும் சேமிப்பில் இருக்கும் வெற்றிடத்தைக் காலி செய்யும். ஒரே மூச்சில் முழு பலத்துடன் அழுத்திப் பிடியுங்கள். பெடல் இறுகினாலும் பிரேக் வேலை செய்யும். பலம்தான் அதிகம் வேண்டும்.