கஞ்சாச் செடியும் மாநில விதிகளும்: அளவறிதலில் எழும் ஒரு சிக்கல்

இமாசலப் பிரதேசத்தின் மலைச்சரிவுகளில் கஞ்சாச் செடி விதைப்பாரின்றியே வளருகிறது. அதன் நாரிலிருந்து கயிறும் பாதரட்சையும் செய்தல் அங்கு பழைய வழக்கம். 2024 செப்டம்பரில் அம்மாநிலச் சட்டசபை, மருத்துவம், விஞ்ஞானம், தொழில் ஆகியவற்றின் பொருட்டு இச்செடியைக் கட்டுப்பாட்டுடன் பயிரிடலாம் எனப் பரிந்துரைத்த குழுவின் அறிக்கையை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில், பாலம்பூர், நௌனி ஆகிய இடங்களிலுள்ள இரு பல்கலைக்கழகங்கள் சோதனை ஆய்வு நடத்த மந்திரிசபை இசைந்தது. நார்ப்பயிருக்கு உரிமம் வழங்குவதில் உத்தராகண்டம் 2018-லேயே முந்திக்கொண்டது.

இவ்விதிகளுக்கெல்லாம் அடிப்படை 1985-ஆம் ஆண்டின் போதைமருந்துச் சட்டமாகும். அதன் 10-ஆம் பிரிவு, இச்செடியின் சாகுபடியை அனுமதித்து ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு அளிக்கிறது; சரஸ் எனப்படும் பிசின் மாத்திரம் இதற்குப் புறம்பானது. நாருக்கும் விதைக்குமான சாகுபடியை 14-ஆம் பிரிவு குறிப்பிடுகிறது. கவனிக்கத்தக்கது யாதெனில், இச்சட்டம் செடியை அதன் உறுப்புக்களைக் கொண்டே வகைப்படுத்துகிறது. பூவும் காயுமுள்ள நுனிகள் கஞ்சா. நுனியோடு சேராத இலையும் விதையும் கஞ்சாவல்ல. இன்ன சதவிகிதம் என்ற பேச்சே அதில் இல்லை. உத்தராகண்டத்து உரிமமோ போதைதரும் பொருளான டி.எச்.சி. 0.3 சதவிகிதத்தை மிஞ்சலாகாது என்கிறது. உறுப்பைக் கண்ணால் காணலாம். சதவிகிதத்தைச் சோதனைச்சாலையே கூறவேண்டும்.

(மொழிபெயர்ப்பாளருக்கும் இதில் ஒரு தொல்லை உண்டு. இந்தியில் பாங், காஞ்ஜா, சரஸ் என மூன்று சொற்கள் வழங்க, தமிழில் செடிக்கும் மருந்துக்கும் கஞ்சா என்ற ஒன்றே பெருவழக்கு. நார்ப்பயிரைச் சணல் என்றாலோ அது வேறு செடியாகிவிடுகிறது.)

பசுஞ்செடியில் டி.எச்.சி. பெரும்பாலும் அமில வடிவிலேயே உள்ளது. சூடேறினால் அவ்வமிலத்திலிருந்து கரியமிலவாயு நீங்கி, போதைதரும் பொருள் எஞ்சுகிறது. மூலக்கூற்று எடை 358-லிருந்து 314 ஆகக் குறைவதால், அமிலத்தின் அளவை 0.877 ஆல் பெருக்கிக் கூட்டினால் மொத்த அளவு கிடைக்கும். ஒரு மாதிரியில் டி.எச்.சி. 0.05 சதவிகிதமும் அமிலம் 0.40 சதவிகிதமும் இருப்பதாகக் கொள்வோம். முன்னதை மட்டும் எண்ணினால் பயிர் விதிக்கு உட்பட்டது. மொத்தமாக எண்ணினாலோ 0.40 சதவிகிதமாகி, விதியை மீறியதாகிறது. வாயு நிறப்பகுப்புக் கருவி மாதிரியைச் சூடாக்குவதால் மொத்தத்தையே காட்டும். திரவ நிறப்பகுப்புக் கருவி இரண்டையும் தனித்தனியே காட்டும். எந்தக் கணக்கு என்பதை விதி சொல்லாவிடில், விவசாயியின் கதி கருவியைப் பொறுத்ததாகிவிடும். அனுமதியின்றிப் பயிரிட்டோருக்குச் சட்டம் விதிக்கும் கடுங்காவல் பத்து ஆண்டுகள் வரை நீளக்கூடியது என்பதை நினைவிற்கொண்டால் இதன் கனம் புலனாகும்.

மருந்துப் பயிரில் சிக்கல் இன்னும் பெரிது. குழந்தைகளுக்கு வரும் சில கடுமையான வலிப்பு நோய்களுக்குக் கன்னபிடையால் என்னும் பொருளால் ஆன மருந்தை அமெரிக்கா 2018-ல் அங்கீகரித்தது. அது போதை தராதது. ஆயினும் அதற்கென வளர்க்கும் செடியிலும் டி.எச்.சி. சிறிதளவு உடன் தோன்றும். பூ முற்ற முற்ற இரண்டும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் உயரும். விகிதம் இருபத்தைந்துக்கு ஒன்று எனில், கன்னபிடையால் 7.5 சதவிகிதத்தை எட்டும்போதே டி.எச்.சி. 0.3 சதவிகிதத்தைத் தொட்டுவிடும். ஆகவே நார்ப்பயிருக்குப் பொருந்தும் வரம்பை மருந்துப் பயிருக்கு அப்படியே சுமத்தினால், மருந்துச் சத்து நிறையும் முன்னரே அறுக்கவேண்டிவரும்.

களத்தில் மாதிரி எடுப்போர் செய்யவேண்டுவதும் இதிலிருந்தே விளங்கும். பெண்பூவின் நுனியில் டி.எச்.சி. மிகுதி, தண்டில் மிகக் குறைவு. நுனியை மட்டும் கிள்ளியதா, தண்டோடு சேர்த்து அரைத்ததா, பூத்து எத்தனை நாளாயிற்று, எப்படி உலர்த்தப்பட்டது என்பவற்றை மாதிரிப் பொட்டலத்தின்மீதே எழுதுதல் வேண்டும். அருகே காட்டுச்செடி உண்டா என்பதும் குறிக்கப்படவேண்டும். இச்செடியின் மகரந்தம் காற்றில் நெடுந்தூரம் செல்வது. இவ்வாண்டுப் பயிரின் பூவில் அதனால் டி.எச்.சி. ஏறிவிடாது, ஆனால் அப்பயிரின் விதையை எடுத்து மறு ஆண்டு விதைப்பவர், காட்டுச்செடியின் குணமுள்ள கலப்புச் செடிகளைத் தம் வயலில் காண்பார்.