கொள்ளும் வண்டியும் தாங்கும் வண்டியும்

மோட்டார் வண்டி வாங்கச் செல்லும் குடும்பத்தினர் முதலிலே கேட்பது, “எத்தனை பேர் இருக்கலாம்?” என்பதாகும். அடுத்ததாகப் பின்கதவைத் திறந்து, சாமான் வைக்கும் இடத்தைப் பார்ப்பார்கள். இடம் கண்ணுக்குத் தெரிவது. ஆதலால் அதைக் கொண்டே வண்டியை மதிப்பிடுவது எல்லார்க்கும் இயல்பாகிவிட்டது. வண்டியின் வலிமையோ கண்ணுக்குத் தெரிவதன்று. ஒரு வண்டி எவ்வளவு கொள்ளும் என்பது ஒரு கேள்வி. எவ்வளவு தாங்கும் என்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணுவதனாலே பணவிரயம் மாத்திரமன்றி உயிர்ச்சேதமும் நேரக்கூடும்.

இந்த வேறுபாட்டை விளக்குவதற்குப் பிரித்தானியாவின் வேனில் விடுமுறையைக் காட்டிலும் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பாடசாலைகள் மூடப்பட்டதும் குடும்பம் குடும்பமாக மக்கள் வேல்ஸ் நாட்டு மலைகளுக்கும் கடற்கரைகளுக்கும் புறப்படுகின்றனர். பிள்ளைகளின் சைக்கிள்கள் காரின் கூரைமேலோ பின்புறத்திலோ கட்டப்பட்டிருக்கும். அதற்கும் பின்னே, சில்லுகளின்மேல் அமைத்த சிறு வீடு போன்ற கரவன் ஒன்று இழுபட்டுச் செல்லும். இவற்றுக்கெல்லாம் ஏற்ற விசாலமான கார் எது என்பது அங்குள்ள குடும்பங்கள் பலவற்றின் கேள்வி. நம் நாட்டிலிருந்து சென்று அங்கே குடியேறியோரும் இன்று இக்கேள்வியை எதிர்நோக்குகின்றனர்.

விசாலமான கார் என்னும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவிலே புகையிரத நிலையங்களிலிருந்து பயணிகளையும் அவர்களுடைய பெட்டிகளையும் ஏற்றிச் செல்வதற்கென மரத்தாலான உடலமைப்புடன் கூடிய வண்டிகள் எழுந்தன. ‘ஸ்டேசன் வாகன்’ என்னும் பெயர் அங்ஙனம் பிறந்ததேயாம். போட் கம்பனியார் 1929ஆம் ஆண்டில் இத்தகைய வண்டியைத் தமது தொழிற்சாலை வண்டிகளுள் ஒன்றாக விற்கத் தொடங்கினர். பிரித்தானியாவில் 1953ஆம் ஆண்டில் மொறிஸ் மைனரின் ‘டிரவலர்’ வெளிவந்தது. அதன் பின்பாகத்தின் மரச்சட்டங்கள் வெறும் அலங்காரமல்ல; வண்டியின் உடலைத் தாங்கும் உறுப்புகளே அவை. மொறிஸ் மைனரை நன்கறிந்த இலங்கையருக்கு இவ்வண்டியை அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை. 1984ஆம் ஆண்டில் பிரான்சிலே ரெனோ கம்பனியாரின் ‘எஸ்பாஸ்’ வெளிவந்தபின், கூரை உயர்ந்து ஏழு ஆசனங்கள் வரை கொண்ட குடும்ப வண்டிகள் ஐரோப்பாவெங்கும் பரவின. இடம் இவ்வாறு பெருகிக்கொண்டே வந்தது. ஆனால் இடம் பெருகிய அளவுக்குத் தாங்கும் வலிமை பெருகிற்று என்று கொள்வதற்கில்லை.

வலிமையை அறிய வழி உண்டு. ஐரோப்பியக் கார்களில், கதவுத் தூணிலோ இயந்திர மூடியின் கீழோ சிறிய தகடொன்று காணப்படும். அதில் நிறையைக் குறிக்கும் நான்கு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது, காரும் அதில் ஏறிய ஆட்களும் பொருள்களும் சேர்ந்து இருக்கத்தக்க உச்ச நிறை. இரண்டாவது, காரும் அது இழுக்கும் வண்டியும் சேர்ந்து இருக்கத்தக்க உச்ச நிறை. மூன்றாவதும் நான்காவதும் முறையே முன்னச்சும் பின்னச்சும் தாங்கத்தக்க நிறைகள். காரின் வெற்று நிறையைக் கைந்நூலிலே காணலாம். இந்த ஐந்து எண்களையும் தெரிந்துகொண்டவர் வண்டியின் இயல்பைப் பெரும்பாலும் தெரிந்துகொண்டவராவர்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு காரின் வெற்று நிறை 1,580 கிலோகிராம் என்றும், உச்ச நிறை 2,100 கிலோகிராம் என்றும் கொள்வோம். வித்தியாசம் 520 கிலோகிராம். ஐரோப்பியக் கணக்கிலே, ஓட்டுபவருக்கென 75 கிலோகிராமும் எரிபொருளின் நிறையும் பெரும்பாலும் வெற்று நிறையினுள்ளேயே சேர்க்கப்பட்டிருக்கும். ஆகவே அந்த 520 கிலோகிராமும் ஏனையோருக்கும் பொருள்களுக்கும் உரியது. மேலெழுந்தவாரியாக நோக்குமிடத்து இது தாராளமாகவே தோன்றும்.

இனி ஏற்றிப் பார்ப்போம். ஓட்டுபவர் நீங்கலாக நால்வர். பெரியவர் ஒருவரும் பிள்ளைகள் மூவருமாக 220 கிலோகிராம். உடுப்புப் பெட்டிகள், சமையற் சாமான்கள், படுக்கைகள் என்பன 120. ஒவ்வொன்றும் 14 கிலோகிராமான நான்கு சைக்கிள்கள் 56. அவற்றைக் கூரையிற் பொருத்தும் சட்டங்கள் 20. கரவனின் முன்முனை காரின் பின்புறத்தை அழுத்தும் பாரம் 75. அதுவும் காரின் பாரமாகவே கணக்கிடப்படும். எல்லாம் கூட்டினால் 491 கிலோகிராம். எஞ்சியிருப்பது 29 கிலோகிராம் மாத்திரமே. இருபது லீற்றர் தண்ணீர்க் கலமொன்றை ஏற்றினால் மிச்சம் ஒன்பது. பின்கதவைத் திறந்து பார்த்தால் அங்கே இன்னும் இடம் இருக்கும். அந்த வெற்றிடந்தான் ஆளை ஏமாற்றுவது.

ஏழு ஆசனங்கள் உள்ள வண்டியை வாங்கினால் இக்குறை தீர்ந்துவிடும் என்று சிலர் எண்ணுவர். தலைக்கு 75 கிலோகிராமாக, ஓட்டுபவர் நீங்கலாக அறுவர் ஏறினாலே 450 கிலோகிராம் ஆகிவிடும். தாங்கத்தக்க பாரம் 520 ஆக இருப்பின், சாமானுக்கு எஞ்சுவது 70 மாத்திரமே. ஏழு பேர் இருக்கலாம் என்பது உண்மை. ஏழு பேரும் அவர்தம் சைக்கிள்களும் போகலாம் என்பது உண்மையன்று.

மொத்தப் பாரம் அளவினுள் அடங்கினாலும் அது எங்கே வைக்கப்படுகின்றது என்பதும் கவனிக்கற்பாலது. கூரைக்குத் தனி எல்லை உண்டு. பல கார்களில் அது 75 கிலோகிராம். மேலே சொன்ன நான்கு சைக்கிள்களும் சட்டங்களும் சேர்ந்து 76 ஆகின்றன. ஆகவே ஒரு சைக்கிள் கூரையிலிருந்து இறங்கத்தான் வேண்டும். கூரைப் பாரத்தால் வண்டி தலைப்பாரம் கொண்டதாகி, வளைவுகளிலே சாயும் இயல்பும் மிகும். உயரமும் கூடும். ஒன்றரை மீற்றர் உயரமான காரின்மேல் சைக்கிளை நிறுத்தினால் உயரம் இரண்டரை மீற்றரைத் தாண்டும். அதை மறந்து தாழ்ந்த கூரையுள்ள தரிப்பிடத்தினுள்ளே நுழைந்தால் சைக்கிளும் கூரையும் ஒருங்கே சேதமுறும்.

காரின் பின்னுள்ள இழுவைக் குமிழில் சைக்கிள் தாங்கியைப் பொருத்துவது இதனினும் இலகு. உயரத் தூக்க வேண்டியதில்லை. ஆனால் அக்குமிழுக்கும் எல்லை உண்டு. மின்சார சைக்கிள்கள் ஒவ்வொன்றும் 20 முதல் 25 கிலோகிராம் வரை நிறை கொண்டவை. இரண்டு சைக்கிள்கள் 50, தாங்கி 18 எனக் கொண்டால் 68 ஆயிற்று; குமிழின் எல்லை 75 ஆயின் மூன்றாவதற்கு இடமில்லை. மின்கலங்களைக் கழற்றிக் காரினுள்ளே வைத்தால் சில கிலோகிராம் குறையும். சைக்கிள்கள் பின்விளக்குகளையோ இலக்கத் தகட்டையோ மறைக்குமானால், அவற்றைப் பின்னே மீண்டும் தெரியும்படி வைப்பது சட்டத்தின் கட்டளை. கரவனை இழுப்போருக்குக் குமிழ் கரவனுக்கே வேண்டியிருப்பதால் இவ்வழி பெரும்பாலும் உதவுவதில்லை.

சைக்கிளைக் காரினுள்ளே வைப்பதே காற்றுத் தடையும் களவுப் பயமும் இல்லாத வழி. பெரியவர்களின் சைக்கிள் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மீற்றர் நீளமுடையது. முன்சில்லைக் கழற்றினால் நீளம் வெகுவாகக் குறையும். கடையில் வண்டியைப் பார்க்கச் செல்லும்போது அளவு நாடாவையும், இயலுமானால் ஒரு சைக்கிளையும் கொண்டுசெல்வது நன்று. பின்கதவின் வாய் குறுகியதாக இருப்பின் உள்ளிடம் எவ்வளவு இருந்தும் பயனில்லை. உள்ளே வைத்ததை இறுகக் கட்டவும் வேண்டும். மணிக்கு 50 மைல் வேகத்திற் செல்லும் கார் திடீரென நிற்கும்போது, கட்டாத சைக்கிள் நிற்காது; முன்னிருப்பவரின் கழுத்தை நோக்கியே பாயும்.

இனி, இழுத்தலைப் பற்றிப் பார்ப்போம். நம்முடைய வண்டிக்காரர் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வது நேயர்களுக்குத் தெரிந்ததே. மாட்டுவண்டியிலே பாரம் அச்சுக்கு முன்னே மிகுந்தால் நுகம் மாடுகளின் கழுத்தை அழுத்தும். பின்னே மிகுந்தால் நுகம் மேலெழுந்து மாடுகளின் கழுத்தை நெரிக்கும். ஆகவே அச்சின்மேல் பாரத்தை அமைத்து, முன்னே சிறிது கூடுதலாக விடுவது வழக்கம். கரவனுக்கும் இழுவைப் பெட்டிக்கும் விதி இதுவே. பிரித்தானியாவிலே கரவனின் நிறையில் நூற்றுக்கு 5 முதல் 7 வரையான பங்கு முன்முனையில் அழுத்த வேண்டும் என்று அறிவுறுத்துவர். கரவனின் நிறை 1,300 கிலோகிராமானால் அப்பங்கு 65 முதல் 91 வரையாகும். குமிழின் எல்லை 75 ஆதலின் அதனைத் தாண்டாமல் அமைத்தல் வேண்டும்.

பாரமான பொருள்களைக் கரவனின் பின்மூலையில் அடுக்கிவிட்டால் என்ன நேரும்? முன்முனை இலேசாகும். வேகம் கூடும்போது கரவன் பாம்பைப்போல இருபுறமும் நெளியத் தொடங்கும். ஒவ்வோர் ஆட்டமும் காரின் பின்புறத்தை அசைக்க, அந்த அசைவு அடுத்த ஆட்டத்தைப் பெருக்கும். ஈற்றில் இரண்டும் புரளவுங்கூடும். ஆட்டம் தொடங்கியதும் பிறேக்கை அழுந்த மிதிப்பதும், ஓட்டுவளையத்தை அங்குமிங்கும் திருப்புவதும் கேட்டையே விளைவிக்கும். வளையத்தை நேரே பிடித்துக்கொண்டு, முடுக்கியிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் தானே தணிய விடுதலே தக்கது.

முன்முனைப் பாரம் எல்லை மீறினும் தீமையே. அது பின்னச்சுக்கும் பின்னே அழுத்துவதால், நெம்புகோல் போலக் காரின் முன்புறத்தைச் சற்றே தூக்கிவிடும். முன்சில்லுகளுக்குத் தரைப்பிடி குறையும், திருப்புதல் தளரும், முன்விளக்குகள் எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யும். மயிலிறகும் அளவிறந்தால் அச்சுக்குப் பகையாகும் என்பதை வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்திலே உவமையாக வைத்தார். பின்னச்சுக்கெனத் தகட்டிலே தனி எண் பொறித்திருப்பதும் அக்கருத்துப் பற்றியே.

இழுக்கத்தக்க நிறையையும் தகடே காட்டும். முதலெண் 2,100, இரண்டாமெண் 3,600 ஆயின் வித்தியாசமாகிய 1,500 கிலோகிராமே இழுக்கத்தக்கது. எனினும் எல்லைவரை இழுப்பது புதியவர்க்கு ஏற்றதன்று. கரவனின் நிறை காரின் வெற்று நிறையில் நூற்றுக்கு 85 பங்கைத் தாண்டலாகாது என்பது அங்கு அனுபவசாலிகள் கூறும் ஆலோசனை. 1,580 கிலோகிராமுக்கு அது 1,343. இழுபடுவது இழுப்பதைக் காட்டிலும் இலேசாக இருந்தாற்றான் கார் கரவனை ஆளும்; இல்லையேல் கரவன் காரை ஆளும். பிறேக் இல்லாத பெட்டியோ 750 கிலோகிராமையும், காரின் வெற்று நிறையிற் பாதியையும் தாண்டலாகாது. அதற்கு மேற்பட்டவற்றுக்குத் தனிப் பிறேக் வேண்டும். கார் வேகந் தணியும்போது பின்வரும் பெட்டி இணைப்பை முன்னோக்கித் தள்ள, அத்தள்ளுதலே பெட்டியின் பிறேக்கை இயக்கும்படி அது அமைக்கப்பட்டிருக்கும்.

இயந்திரத்தின் பருமனை மாத்திரம் பார்ப்பதும் போதாது. மேட்டிலே நின்று மீண்டும் புறப்படும்போது வேண்டப்படுவது குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும் முறுக்குவிசை. டீசல் இயந்திரங்கள் இதிற் பேர்பெற்றவை. மின்சாரக் கார்களும் புறப்படும்போதே மிக்க விசை தருவன. ஆயினும் பாரத்தை இழுக்கும்போது ஒருமுறை மின்னேற்றிச் செல்லும் தூரம் பெரிதுங் குறையும். அன்றியும் சில மின்சாரக் கார்களுக்கு இழுக்கும் அனுமதியே இல்லை. ஆகவே தகட்டையும் கைந்நூலையும் பாராது முற்பணங் கொடுத்தலாகாது.

பிரித்தானியாவில் இவ்வறிவுக்கு இப்பொழுது தேவை மிகுந்திருக்கின்றது. 1997ஆம் ஆண்டு தொடக்கம் அனுமதிப்பத்திரம் பெற்றோர் பாரமான கரவன்களை இழுப்பதற்குத் தனிப் பரீட்சையொன்றிற் சித்தியடைய வேண்டியிருந்தது. இங்கிலாந்து, ஸ்கொத்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் 2021ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் திகதி அந்தக் கட்டாயம் நீங்கியது. கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் உடையவர் 3,500 கிலோகிராம் வரையுள்ள பெட்டியை இழுக்கலாம் என்றாயிற்று. பரீட்சகர் அகன்றார், மலைச்சரிவும் எதிர்க்காற்றும் அகலவில்லை. இழுத்துச் செல்வோருக்கு இருவழிச் சாதாரண வீதிகளில் மணிக்கு 50 மைலும், நெடுஞ்சாலைகளில் 60 மைலும் உச்ச வேகமாக விதிக்கப்பட்டிருப்பது இக்காரணம் பற்றியே.

ஆகவே தெரிவு செய்யும் முறை பின்வருமாறு அமைதல் நன்று. வண்டியைப் பார்க்கு முன்னரே, யார் யார் செல்வர், எத்தனை சைக்கிள்கள், எவ்வளவு சாமான், எத்துணை நிறையுள்ள கரவன் என ஒரு தாளிலே எழுதிக் கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்டுத்தொகையைத் தாங்கத்தக்க கார்களை மாத்திரம் பின்னர் பார்வையிட வேண்டும். அவற்றுள் எதனுள் சைக்கிள் எளிதாக நுழைகிறது, எதில் பிள்ளைகள் நெருக்கமின்றி இருக்கலாம் என்பவற்றை அதன்பின் ஆராயலாம். புறப்படும் நாளிலும் டயர்களின் காற்றை முழுப்பாரத்துக்குரிய அளவுக்கு உயர்த்தி, இயலுமானால் பொது நிறுவை நிலையமொன்றில் காரையும் கரவனையும் நிறுத்துப் பார்த்தல் நலம். அங்கே சில கிலோகிராம் மிகுந்து காணப்பட்டால், எதை வீட்டிலே விட்டுச் செல்வது என்பதைக் குடும்பத்தார் கூடித் தீர்மானிக்கலாம். அத்தீர்மானத்தை மலைச்சரிவிலே செய்ய முடியாது.