கிழங்குக்கு முன்னால் டீசல்

பஞ்சாபின் ஜலந்தர், கபூர்தலா பக்கம் நெல் அறுத்த கையோடு உருளைக்கிழங்கு விதைப்பு தொடங்கிவிடும். நெல்லுக்காகச் சேறடித்த மண், காய்ந்ததும் கட்டி கட்டியாக இறுகிக் கிடக்கும். சட்டிக் கலப்பை ஓட்டி, கொத்துக் கலப்பையை மாற்றி மாற்றி விட்டு, ரோட்டவேட்டரால் பொடித்து, பலகை போட்டு, அப்புறம்தான் பார் பிடிக்க முடியும். ஓட்டுக்கு ஓட்டு டீசல் கரைகிறது.

ஒரு ஹெக்டேரை 20 செ.மீ. ஆழம் உழுதால் 2,000 கன மீட்டர் மண் அசைகிறது. எடை 2,500 டன்னைத் தாண்டும். “இன்னும் நாலு விரற்கடை இறக்கு” என்று சொல்வது சுலபம். அடிமண் இறுக்கமானது, ஆழம் கூடக்கூட இழுவை எகிறும். ஈரம் மிஞ்சிய மண்ணில் இறங்கினாலோ சக்கரம் வழுக்கும், மண் அமுங்கும், அதை உடைக்க இன்னொரு ஓட்டு. ஒரு பிடி மண்ணை உருட்டிக் கீழே போட்டால் உதிர வேண்டும். அதுதான் உழவுக்கான பதம். இதைப் பார்க்கச் செலவே இல்லை. வாடகை டிராக்டர் வரும் நாளே உழவு நாள் என்றாகிவிட்டதால், பலரும் பார்ப்பதில்லை.

கோதுமையைப் போல உழாமல் விதைக்கலாமே? ஆனால் கிழங்கு பருக்கப் பொலபொலப்பான மண் வேண்டும். அறுவடையிலும் பாரைத் தோண்டித்தான் ஆகவேண்டும்.

மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதியில் கோசாபா விவசாயிகள் வேறு வழி பிடித்திருக்கிறார்கள். அங்கே நெல் அறுத்த பிறகும் வயல் காய வாரக்கணக்காகும். அதற்குள் கோடை நெருங்கி உப்பு மேலேறிவிடும். அதனால் ஈர மண்மேலேயே விதைக்கிழங்கை வைத்து, உரமிட்டு, வைக்கோலைத் தடிமனாகப் போர்த்திவிடுகிறார்கள். மூடாக்கு ஈரத்தைக் காக்கிறது, உப்பையும் தடுக்கிறது. அறுவடையில் வைக்கோலை விலக்கினால் கிழங்கு கைக்கு வந்துவிடும். கலப்பையும் வேண்டாம், மண்வெட்டியும் வேண்டாம்.

சின்ன வயலுக்கு இது சரி. பத்து ஏக்கர்க்காரர் அத்தனை வைக்கோலுக்கும் ஆளுக்கும் எங்கே போவார்? அவருக்கு ஆழத்தைக் குறைத்து ஓர் ஓட்டை மிச்சம் பிடிப்பதே நடைமுறை.

ஆனால் ஆற்றல் கணக்கு உழவோடு தீரவில்லை. தழைச்சத்து உரத் தயாரிப்பும், ஹெக்டேருக்கு இரண்டு மூன்று டன் விதைக்கிழங்கும், அதை 2 முதல் 4 டிகிரியில் மாதக்கணக்கில் காக்கும் குளிர்ப்பதனக் கிடங்கும் ஆற்றலை விழுங்குகின்றன. உழவைக் குறைத்ததில் விளைச்சல் சரிந்தால், கிலோவுக்கு ஆகும் ஆற்றல் கூடத்தான் செய்யும்.