வீட்டு நீர்க்கசிவைக் கண்டறிதல்

குடிநீர்க் கட்டணம் திடீரென உயர்ந்தால், முதலில் பட்டியலிலுள்ள அளவீட்டை நீர்மானியுடன் ஒப்பிட வேண்டும். அது சரியெனில் கசிவைத் தேடலாம்.

குடிநீர் வரும் நேரத்தில், தொட்டிகள் நிரம்பியபின் குழாய்களை மூடி, அரை மணி நேரம் மானியைக் கவனிக்க வேண்டும். 3 லிட்டர் கூடினால், நாளொன்றுக்கு 144 லிட்டர். 30 நாளில் 4,320 லிட்டர் வீணாகிறது. தொட்டிக்கு வரும் குழாயோ மிதவை வால்வோ பழுதாகியிருக்கலாம்.

மானி அசையாவிட்டாலும் தொட்டிக்குப் பிந்தைய கசிவு இருக்கக்கூடும். இரவில் இரு தொட்டிகளின் நீர்மட்டத்தையும் குறித்துவைத்து, யாரும் நீர் புழங்குமுன் காலையில் பார்க்க வேண்டும். கீழ்த்தொட்டியில் குறைந்தால் அதில் விரிசல் இருக்கலாம். மேல்தொட்டியில் குறைந்தால், கழிப்பறை நீர்ப்பெட்டியில் சிறிது கேசரிப் பொடியைக் கரைத்துவிட்டு, அரை மணி நேரம் நீர் திறக்காமல் இருக்க வேண்டும். பீங்கானில் நிறம் தெரிந்தால் பெட்டியின் அடைப்பான் தேய்ந்துள்ளது.