எல்லை தாண்டும் காட்டெருமை... கலங்கும் மாட்டுப் பண்ணை!

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் என்ற சிற்றூரிலிருந்து, கோடைக்காலத்தில் ஏழெட்டுப் பேர் கொண்ட சிறு குழுக்கள் வேன்களில் கிளம்புகின்றன. க்ராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன் ஆகிய தேசியப் பூங்காக்களைக் கடந்து, வடக்கே மொன்டானா மாநில மாட்டுப் பண்ணைகள் வரை நீள்கிறது பயணம்.

வழியில் விவசாயிகளின் கண்ணில் முதலில் படுவது, சாலையின் குறுக்கே இடைவெளி விட்டுப் பதித்த இரும்புக் குழாய்கள். வண்டி ஏறிப் போய்விடும். கால் சிக்கும் என்று மாடு தாண்டாது. கேட்டைத் திறந்து மூடும் வேலை மிச்சம்!

பண்ணையாளர்கள் கோடையில் மாடுகளை மலை மேய்ச்சலுக்கு ஏற்றிவிட்டு, கீழே உள்ள நிலத்தில் புல்லை அறுத்து உலர்த்திக் கட்டுகிறார்கள். பனி மூடும் மாதங்களில் அந்த உலர்புல்தான் தீவனம்.

காப்பாற்றிய பண்ணைகள்

1872-ல் அறிவிக்கப்பட்ட யெல்லோஸ்டோன், உலகின் முதல் தேசியப் பூங்கா. பரப்பளவு சுமார் 22 லட்சம் ஏக்கர். இதன் லமார் பள்ளத்தாக்கில் பைசன் எனும் காட்டெருமைகள் கூட்டமாக மேய்கின்றன. 25 கெஜத்துக்கு உள்ளே யாரும் நெருங்கக் கூடாது.

கண்மூடித்தனமான வேட்டையால், 1902-ல் இங்கே எஞ்சியவை இரண்டு டஜன் அளவுக்குத்தான். அப்போது தனியார் மந்தைகளிலிருந்து 21 காட்டெருமைகளை வாங்கி வந்தார்கள். 1907-ல் லமாரில் தனிப் பண்ணையே அமைத்து, உலர்புல் போட்டு வளர்த்தார்கள். ஆக, இந்த இனம் பிழைத்ததில் மாடு வளர்த்தவர்களுக்கும் பங்கு உண்டு.

இன்றைய சிக்கல்

அதே காட்டெருமைதான் இன்று பண்ணையாளர்களின் கவலை. பனிக்காலத்தில் புல் தேடி, பூங்கா எல்லையைத் தாண்டி கீழே இறங்குகிறது. காரணம், 'புருசெல்லோசிஸ்' எனும் கன்று வீச்சு நோய். இந்த நோய், அந்தக் காலத்தில் நாட்டு மாடுகளிடமிருந்துதான் காட்டு விலங்குகளுக்குப் போனது. 1917-ல் யெல்லோஸ்டோன் காட்டெருமைகளில் கண்டறியப்பட்டது. இப்போது திரும்பி வருமோ என்று அஞ்சுகிறார்கள். அண்மைக்காலத்தில் அப்பகுதி மாடுகளுக்குத் தொற்றியது எல்க் மான்களிடமிருந்துதான் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனாலும், காட்டெருமைகள் மீதான கட்டுப்பாடு முழுமையாக நீங்கவில்லை.

ஒரு மாட்டுக்கு நோய் உறுதியானாலும் மந்தை முழுவதையும் தனிமைப்படுத்தி, மீண்டும் மீண்டும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அதுவரை விற்பனை முடங்கும். அதனால், கிடேரிகளுக்குத் தடுப்பூசி போடுவதில் அவர்கள் சமரசம் செய்வதில்லை.

நம் தொழுவத்துக்கும் பாடம்

இதே நோய் நம் நாட்டிலும் உண்டு. 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு ஆயுளில் ஒரே முறை தடுப்பூசி போட்டால் போதும். காளைக் கன்றுக்கும் சினை மாட்டுக்கும் போடக் கூடாது. கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறும் கையால் தொடாமல், ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். பாலைக் காய்ச்சியே குடிக்க வேண்டும். இந்த நோய் மனிதர்களுக்கும் பரவும்.

காட்டுக்கும் தொழுவத்துக்கும் நடுவே மனிதன் வேலி போடலாம். நோய்க்கு அந்த வேலி தெரியாது!